புளியமரங்கள் முடிகிற வளைவு

திருவண்ணாமலைக்கு வண்டி ஓட்டிவருகிற எந்த டிரைவரானாலும் மலை முழுசாகக் கண்ணில் பட்டதும் ஒரு காரியம் செய்வான். கால் ஆக்சிலேட்டரை விட்டு லேசாக எழும். இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டு எழும். ‘அண்ணாமலையாரே’ என்று ஒரு முணுமுணுப்பு, கன்னத்தில் இரண்டு தட்டு, மறுபடி கை அதன் இடத்துக்கு, கால் அதன் இடத்துக்கு. மூன்று எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பக்தி இருக்கிறதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தூசி விழுந்தால் கண் மூடிக்கொள்வதைப் போல அது தானாக நடப்பது.

கண்ணாயிரம் மட்டும் செய்யமாட்டார். எண்பதுகளில் ஊருக்கே இது தெரியும். செஞ்சியிலிருந்து அவர் ஜீப்பில் வந்த ஒரு கல்யாண வீட்டுக்காரர் கேட்டே விட்டார்.

“இன்னா டிரைவரே, மலை தெரியுது. கை எடுக்கலையா?”

“தெரியுதுங்க.”

“கருப்புச் சட்டைக் கட்சியா நீங்க?”

“வண்டி ஓட்டுற கட்சிங்க.”

ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்ணாயிரமும் சிரித்துவைத்தார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார். சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாத ஒன்றை, கேட்கிறவர்களிடமெல்லாம் எப்படிச் சொல்வது?

அவர் பிறந்தது அடி அண்ணாமலையில். மலையைச் சுற்றுகிற பாதையிலேயே வீடு. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி, மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை விதைப்பு. அண்ணன்கள் மூன்று பேருக்கே போதாத நிலத்தில் நான்காவதாக நிற்பதில் அர்த்தமில்லை என்று லாரியில் கிளீனராகப் போனார். எட்டு வருஷம் கழித்து லைசென்ஸ் கிடைத்தது. எழுபதாம் வருஷம் செங்கம் ரோட்டில் ராமகிருஷ்ணன் பட்டறையில் சேர்ந்தார். பட்டறைக்கு ஒரு பழைய ஜீப் உண்டு. வழியில் நின்றுபோன வண்டிகளை அதில் கட்டி இழுத்துவருவதுதான் கண்ணாயிரத்தின் வேலை.

இழுத்துவருவதில் என்ன இருக்கிறது, கயிறு இருந்தால் போதாதா என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி நினைத்த ஒருவர் எழுபத்திரண்டில் ஒரு பிக்கப் வண்டியை விழுப்புரத்திலிருந்து கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். புறப்படும்போது அந்த வண்டிக்கு ஒரு சில்லறைக் கோளாறு. வந்து சேரும்போது கியர்பாக்ஸே அடுப்புக்கரியாக இருந்தது. எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் மேலே ஏறாது. ஆனால் பின்சக்கரம் உருள உருள உள்ளே பல்லெல்லாம் சுற்றும். வறட்டுச் சுற்று. பத்து மைல் தாங்கும், ஐம்பது மைல் தாங்காது. பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டைக் கழற்றிப் பின்னால் பாடியில் போட்டுவிட்டுத்தான் இழுக்கவேண்டும். ராமகிருஷ்ணன் அந்தக் கியர்பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, “இதைத் திறக்கறதுக்கு முன்னாடி, பொணத்துக்கு மாதிரி, ஊதுவத்தி ஏத்தியிருக்கணும்யா” என்றார். அன்றிலிருந்து தூரத்து வண்டி என்றால் கண்ணாயிரம்தான் என்று ஆயிற்று.

கண்ணாயிரத்தின் முறைகள் அவருக்கே உரியவை. ஷாஃப்ட் கழற்றுவது முதல் வேலை. பிறகு நான்கு டயரிலும் காற்று. பிறகு ஸ்டியரிங் பூட்டு விழாமல் சாவியைத் திருப்பி அப்படியே கம்பியால் கட்டிவைப்பது. பிரேக்கை மூன்று தடவை மிதித்துப் பார்ப்பது. பதினைந்து மைலுக்கு ஒரு தடவை நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். குழந்தைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி இருக்கும். இருபது மைல் வேகத்துக்கு மேல் போகமாட்டார். சைக்கிள்காரன் முந்திப் போனாலும் கவலையில்லை.

ஆனால் இதெல்லாம் பாதிதான். மீதிப் பாதி பின்வண்டியில் உட்கார்ந்திருக்கிறவன் கையில். அந்த மீதிப் பாதி காசி.

காசி, கண்ணாயிரத்தின் மனைவி பொன்னியின் தம்பி. ஒல்லி. பேச்சு கம்மி, பார்வை ஜாஸ்தி. எஞ்சின் செத்த வண்டியில் ஹாரனும் இல்லாமல், வேகமும் தன் வசமில்லாமல், முன்னால் போகிற வண்டியின் முதுகையே பார்த்துக்கொண்டு நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிப்பது எல்லோராலும் ஆகாது. தூக்கம் வரும், இல்லாவிட்டால் பயம் வரும். காசிக்கு இரண்டும் வந்ததில்லை. ஜீப்பின் பின்பக்கப் படுதாவைச் சுருட்டிக் கட்டிவிடுவார்கள், காசிக்கு மாமாவின் முதுகும் கையும் தெரியவேண்டும் என்பதற்காக. கண்ணாயிரம் வலது கையை வெளியே நீட்டி உள்ளங்கையைக் கீழே காட்டினால் மெதுவாகப் போகிறோம். முஷ்டியை மடக்கினால் நிற்கப் போகிறோம். காசிக்கு ஏதாவது ஆனால் ஜன்னலில் சிவப்புத் துணியை ஆட்டுவான்.

கை காட்டாமல் முன்வண்டி வேகம் குறைக்கக்கூடாது. இது அவர்களுக்குள் சட்டம். சங்கிலி எப்போதும் விறைப்பாக இருக்கவேண்டும். மெதுவாகப் போகவேண்டுமென்றால் முதலில் பின்வண்டி பிரேக் பிடிக்கும். அதன் இழுப்பில் முன்வண்டியும் அடங்கும். முன்வண்டி தன் இஷ்டத்துக்கு அடங்கினால் சங்கிலி தொய்ந்துவிடும். தொய்ந்த சங்கிலி பாம்பு மாதிரி, எங்கே சுற்றும் என்று சொல்லமுடியாது.

“முன்னாடி இருக்கிறவன் ஒரு வண்டிதான் ஓட்டுறான். பின்னாடி இருக்கிறவன் ரெண்டு வண்டியும் ஓட்டுறான்” என்று கண்ணாயிரமே பட்டறையில் சொல்லுவார். அதை அவர் சொல்லும்போது காசி வேறெங்கோ பார்ப்பான், காது மட்டும் சிவந்திருக்கும்.

ஏழு வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். ஒரு வண்டிக்கும் ஒரு கீறல் இல்லை.

எழுபத்தொன்பதில் கீழ்பென்னாத்தூர் வேடியப்பன் மெட்ராஸில் ஒரு பிக்கப் வண்டியை ஏலத்தில் எடுத்தார். வேடியப்பனுக்கு மணிலா வியாபாரம், உடைக்கிற மில்லும் உண்டு. மில்லுக்குச் சொந்த வண்டி வேண்டுமென்று வெகுநாள் ஆசை. எஞ்சின் போன வண்டி. ஆனால் பாடி கெட்டி. ராமகிருஷ்ணன் பட்டறையில் எஞ்சின் மாற்றுவதாகப் பேச்சு. பட்டறைக்கு வந்து உட்கார்ந்தவர் காசியைப் பார்த்துக் கேட்டார்.

“யோவ், உனக்கு லைசென்ஸ் இருக்குதா?”

“இருக்குங்க. மூணு வருஷமாச்சு.”

“வச்சுக்கினு இன்னா பண்றே? பூஜை பண்றியா? வண்டி ரெடியானா நீயே ஓட்டு. எனக்குச் சத்தம் போடாத ஆளு வேணும்.”

காசி மாமாவைப் பார்த்தான். கண்ணாயிரம் தலையசைத்தார். அன்று சாயங்காலம் பொன்னி வீட்டில் கேசரி கிளறினாள். காரணம் வண்டி மட்டுமில்லை. வேட்டவலம் பக்கம் சந்திரகலா என்று ஒரு பெண்ணைக் காசிக்குப் பார்த்து வைத்திருந்தார்கள். பெண் வீட்டில், “மாப்பிள்ளை அடுத்தவன் வண்டி பின்னாடியே போயிக்கினு இருக்காரே, தன் கையில எப்ப வண்டி வரும்?” என்று கேட்டிருந்தார்கள். இப்போது பதில் கிடைத்துவிட்டது.

“செத்த வண்டியா ஓட்டிக்கினு இருந்தான். இனிமே உயிரோட இருக்கிற வண்டி” என்றாள் பொன்னி. “தம்பி, மொதல் சவாரி உன் அக்காவுக்குத்தான். மாமாவைக் கூப்புடாதே, அவரு சக்கரத்துக்கு ஜுரம் பாத்துக்கினு நிப்பாரு.”

மெட்ராஸுக்கு இருவரும் ஜீப்பில் போனார்கள். வண்டி பச்சை நிறம். காசி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். இழுப்பதற்கு இரும்பு ராடு கொண்டுபோயிருந்தார்கள். ராடு இருந்தால் இரண்டு வண்டிக்கும் நடுவில் தொய்வு என்பதே இல்லை. ஆனால் ராடு மாட்ட முன்பக்கம் இரண்டு கொக்கி வேண்டும். வண்டியில் ஒன்றுதான் தேறியது. மற்றது துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. கண்ணாயிரம் விசாரித்துவிட்டு வந்தார்.

“வெல்டிங் பட்டறை நாளைக்குப் பத்து மணிக்கு மேலதான் தொறப்பானாம். இன்னா சொல்றே?”

“சங்கிலியிலயே போயிடலாம் மாமா. நம்ம போடாத சங்கிலியா?”

வண்டியின் அடிச்சட்டமான சேசிஸைச் சுற்றிச் சங்கிலியைப் போட்டு, நழுவாமல் சாக்குத் துணி சுற்றிக் கட்டினார்கள். ஷாஃப்டைக் கழற்றினார்கள். காற்று, சாவி, பிரேக், எல்லாம் முறைப்படி. விடிந்ததும் புறப்பட்டார்கள். செங்கல்பட்டில் இட்லி. திண்டிவனத்தில் சக்கரம் தொட்டுப் பார்த்து, டீ குடித்து, செஞ்சியில் சாப்பாடு. சாப்பிடும்போது காசி ஒரு விஷயம் சொன்னான்.

“மாமா, கதவுல பேர் எழுதலாமான்னு வேடியப்பனாரைக் கேக்கலாமா?”

“இன்னா பேரு? சந்திரகலாவா?”

“போங்க மாமா. அண்ணாமலையார் துணைன்னு.”

கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு ஏரிக்கரை. அதுவரை ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் அடைத்து நிற்கும். ஏரிக்கரை வளைவில் மரங்கள் முடியும். முடிந்த இடத்தில், யாரோ திரையை இழுத்த மாதிரி, மலை அடியிலிருந்து நுனிவரை முழுசாக நிற்கும். பிற்பகல் மூன்றரை மணி. மழைவிட்ட வாரம். மலை நீலமாக, ஒரு மேகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றது.

கண்ணாயிரத்தின் கால் ஆக்சிலேட்டரை விட்டு எழுந்தது. இரண்டு கையும் எழுந்தன.

ஆயிரம் தடவை அந்த வளைவில் எழுந்த கைகள். ஆனால் வண்டி இழுக்கிற நாட்களில் அவர் அதைச் செய்வதில்லை. உதட்டில் மட்டும் சொல்லிக்கொள்வார். அன்றைக்கு என்ன ஆயிற்று என்று பிற்பாடு அவர் நூறு தடவை கேட்டுக்கொண்டார். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஒரு பிசகு இல்லாமல் வந்துவிட்டோம், வீடு பன்னிரண்டு மைலில் இருக்கிறது என்ற நினைப்பாக இருக்கலாம். பின்னால் ஒரு வண்டி கட்டியிருப்பது மூன்று எண்ணும் நேரம் மறந்துபோயிற்று.

கையும் காட்டவில்லை. ஜீப் தானாக அடங்கியது. பின்னால் பச்சை வண்டி தன் கனத்தில் முன்னேறி வந்தது. சங்கிலி தொய்ந்து ரோட்டில் விழுந்தது. ஜீப்பின் முதுகில் மோதிவிடாமல் இருக்கக் காசி பிரேக்கை மிதித்தான். அதற்குள் அவன் வண்டியின் வலது முன்சக்கரம் சங்கிலி மேல் ஏறிவிட்டது. அதே நொடியில் கண்ணாயிரம் கன்னத்தில் தட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்து, பழக்கப்படி ஆக்சிலேட்டரை அழுத்தினார்.

சங்கிலி சக்கரத்துக்கு அடியிலிருந்து விறைத்து இழுத்தது. பச்சை வண்டியின் மூக்கு வெடுக்கென்று வலது பக்கம் திரும்பியது. காசி ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பியும் பயனில்லை. ரோட்டைக் குறுக்கே கடந்து, ஏரிக்கரை ஓரம் இருந்த மைல்கல்லில் டிரைவர் பக்கக் கதவு மோதி நின்றது. ஸ்டியரிங்கைத் திருப்புகையில் ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்த காசியின் வலது முழங்கை கதவுக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

கண்ணாயிரம் ஓடிவந்தபோது காசிக்கு நினைவு இருந்தது. அலறவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்தான். பிறகு தலை சாய்ந்துவிட்டது.

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் வேடியப்பன் நின்றிருந்தார். சேதி கேட்டு மில்லிலிருந்து அப்படியே வந்துவிட்டார், சட்டையில் மணிலாத் தோல் ஒட்டியிருந்தது. பக்கத்தில் ராமகிருஷ்ணன். பொன்னி உள்ளே தம்பியின் தலைமாட்டில் இருந்தாள்.

“வண்டி போனா போவுது. உயிர் தப்பிச்சானே, அது போதும்” என்றார் வேடியப்பன். பிறகு, “ஆனா எப்படிய்யா? ஏழு வருஷமா ஒரு கீறல் இல்லாம இஸ்துகினு வர்ற ஆளுங்க. பட்டப்பகல்ல, நேரான ரோட்டுல?” என்றார்.

“வளைவுங்க” என்றார் கண்ணாயிரம்.

“வளைவா? அந்த ஏரிக்கரை வளைவா?” வேடியப்பனின் முகத்தில் ஏதோ தெளிந்த மாதிரி இருந்தது. “மலை தெரியற எடமாச்சே. கும்பிடறேன்னு காசி கையை விட்டானா?”

அவராகத்தான் கேட்டார். கண்ணாயிரம் இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ‘நான்தாங்க விட்டேன்’ என்று சொல்ல இரண்டு வார்த்தை. ராமகிருஷ்ணன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் சாவி கண்ணாயிரத்தின் சட்டைப் பையில் இருந்தது. கண்ணாயிரம் என்றால் கீறல் விழாது என்று ராமகிருஷ்ணன் வேலூர்வரை சொல்லி வைத்திருந்த பெயரும் அந்தச் சாவியோடு சேர்ந்ததுதான்.

“அப்படித்தான் போலங்க” என்றார் கண்ணாயிரம்.

‘போல’ என்று சொன்னதால் முழுப்பொய் இல்லை என்று அந்தக் கணத்தில் அவருக்குத் தோன்றியது. அந்த ‘போல’வைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினார். அதற்குள் ஊரில் அது உதிர்ந்துபோயிருந்தது. காசி ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிட்டான் என்பதுதான் மிச்சம். யாரும் சந்தேகப்படவில்லை, கோபப்படவுமில்லை. எல்லோரும் செய்வதுதானே? “சாமிதான் காப்பாத்திச்சு” என்றார்கள். “அதுக்காகக் கட்டி இழுக்கிற வண்டியிலயாடா?” என்றும் சொன்னார்கள்.

காசிக்கு நினைவு தெளிந்து பேச ஆரம்பித்தபோது கண்ணாயிரம் ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். அவன் வாயைத் திறந்தால் என்ன சொல்வானோ என்று அவன் உதட்டையே பார்த்தார். காசி தண்ணீர் கேட்டான். குடித்தான். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டான். அவ்வளவுதான்.

வேடியப்பன் எஞ்சின் மாற்றி, கதவு மாற்றி, வண்டியை ஓடவிட்டார். போளூர் ஆள் ஒருவன் ஓட்டினான். வேட்டவலத்திலிருந்து சந்திரகலா வீட்டார் சம்பந்தம் வேண்டாமென்று சொல்லி அனுப்பினார்கள். சொல்லி அனுப்பியதைக் கொண்டுவந்த அம்மாள் நாசூக்கு தெரியாதவள். “ஸ்டியரிங்கையே விட்டவன் பொண்டாட்டியை விட்டுட மாட்டானான்னு கேக்கறாங்க” என்று வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள். காசி உள்ளே கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பொன்னி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அன்று ராத்திரி சோற்றைப் போடும்போது புருஷனிடம் சொன்னாள்.

“எல்லாம் அவன் தலையெழுத்து. ஒரு நிமிசம் கையை வச்சுக்கினு இருந்திருக்கக்கூடாதா?”

கண்ணாயிரம் சாப்பிட்டார். அந்தச் சோறு எப்படி இறங்கியது என்பது அவருக்கு இன்றுவரை ஆச்சரியம்.

கை ஆறு மாதத்தில் சரியாயிற்று. முழுசாக நீளாது, கொஞ்சம் மடிந்தே நிற்கும். ஆனால் ஸ்டியரிங் பிடிக்கத் தாராளமாகப் போதும். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், “ஓ, அந்தக் காசியா?” என்றார்கள். கடைசியில் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாகச் சேர்ந்தான். பிற்பாடு கல்யாணமும் ஆயிற்று. மாமாவின் வீட்டுக்கு நல்லநாள் பெரியநாளில் வருவான். மாமா என்றுதான் கூப்பிடுவான். முன்னைவிடப் பேச்சு கம்மி, வேறு வித்தியாசம் சொல்லமுடியாது.

கண்ணாயிரத்துக்கு இரண்டாவது வாய்ப்பு ஒன்றும் வந்தது. எண்பத்தொன்றில் போளூர் ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டான். வேடியப்பன் பட்டறைக்கு வந்து கேட்டார்.

“உன் மச்சான் கை எப்படி? ஓட்டுவானா? எனக்கும் அவன் மேல கோவமில்லை. ஆனா மனசுல ஒரு பயம் உக்காந்துக்கிச்சு. நீ சொல்லு, நீதான் அவனை அறிஞ்சவன்.”

பட்டறையில் நான்கு பேர் இருந்தார்கள். ராமகிருஷ்ணன் இருந்தார்.

“கை முழுசா நீளலைங்க” என்றார் கண்ணாயிரம்.

அதுவும் பொய்யில்லை. அதுதான் அவரைத் தின்றது. முதல் தடவையாவது பயத்தில் வாய் தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் தடவை யோசித்துச் சொன்னது.

வளைவில் கை எடுப்பதை அவர் விபத்து நடந்த மறுநாளே நிறுத்தியிருந்தார். முதலில் அது பயம். ஏரிக்கரை வந்தால் விரல்கள் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொள்ளும். பிறகு அதையே தனக்கு ஒரு தண்டனை மாதிரி வைத்துக்கொண்டார். அடி அண்ணாமலையில் பிறந்தவன் மலையைக் கும்பிடாமல் இருப்பது சின்ன விஷயமில்லை. எப்படியோ ஒரு விதத்தில் கணக்கு நேராகிறது என்று நினைத்தார். காசி லாட்ஜ் வாசலில் காக்கிச் சட்டையில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் நேராகவில்லை என்பதும் தெரிந்தது.

எண்பத்தேழு ஐப்பசியில் வேடியப்பன் இன்னொரு பிக்கப் வாங்கப்போகிறார், டிரைவர் தேடுகிறார் என்று கேள்விப்பட்டார். அன்றைக்கே ஷேவ் செய்துகொண்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போனார். பஸ்ஸிலேயே நான்கு தடவை சொல்லிப்பார்த்தார்.

வேடியப்பனுக்கு வயதாகியிருந்தது. மில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “வாய்யா கண்ணாயிரம், அதிசயமா இருக்குதே” என்று காப்பி வரவழைத்தார். கண்ணாயிரம் காப்பியைத் தொடவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கால் எழுந்தது, கை எழுந்தது, சங்கிலி விழுந்தது, சக்கரம் ஏறியது, வராந்தாவில் சொன்னது, பட்டறையில் சொன்னது.

“தப்பு என்னுதுங்க. அவன் கையை விடலை. கடைசிவரைக்கும் புடிச்சிருந்தான்.”

வேடியப்பன் கேட்டு முடித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, வாஞ்சையான சிரிப்பு.

“உக்காருய்யா மொதல்ல. மச்சானுக்கு வேலை வாங்கித் தரணும்னா நேரா கேக்கவேண்டியதுதானே? அதுக்கு இப்படி ஒரு பழியைத் தூக்கித் தலையில போட்டுக்குவாங்களா?”

“இல்லைங்க, நெஜமாத்தான்…”

“நெஜம்! யோவ், நீ மலையைக் கும்பிடறது இல்லைன்னு இந்த ஜில்லாவுக்கே தெரியும். என் பொண்ணு கல்யாணத்துக்கு நீதானே ஜீப் ஓட்டினே? எங்க சம்மந்தி கேட்டதுக்கு இன்னா சொன்னே? வண்டி ஓட்டுற கட்சின்னு சொல்லலை? அப்பேர்ப்பட்ட நீ கையெடுத்துக் கும்பிட்டியாம், வண்டி சாஞ்சுதாம்!”

விபத்துக்குப் பிறகுதான் நிறுத்தினேன் என்றார் கண்ணாயிரம். வேடியப்பன் கையை வீசி அதைத் தள்ளிவிட்டார். கணக்கெழுதிக்கொண்டிருந்த ஆளைக் கூப்பிட்டு, “இந்தாளைப் பாரு. பொண்டாட்டி தம்பிக்காக எட்டு வருஷம் கழிச்சு வந்து பொய் சொல்றான். இந்தக் காலத்துல யாருய்யா இருக்காங்க இப்படி?” என்றார். டிரைவர் வேலைக்குத் தன் தங்கை மகனையே பேசிவிட்டதாகவும் சொன்னார். பஸ் வரைக்கும் கூட வந்து வழியனுப்பினார்.

திரும்பி வருகையில் பஸ் ஏரிக்கரை வளைவைத் தாண்டியது. புளியமரங்கள் முடிந்தன. டிரைவர் கை எடுத்தார். சீட்டில் இருந்தவர்கள் கை எடுத்தார்கள். கண்ணாயிரம் தன் கைகளை மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கும்பிடலாமா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

நேராக லாட்ஜுக்குப் போனார். காசி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். மாமாவைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் தள்ளினான்.

“இன்னா மாமா, வேட்டியெல்லாம் வெளுப்பா இருக்குது. எங்க போயிட்டு வர்றீங்க?”

“கீழ்பென்னாத்தூர். வேடியப்பனாரைப் பாக்க.”

கண்ணாயிரம் உட்காரவில்லை. மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். வேடியப்பன் சிரித்ததையும் சொன்னார். காசி கேட்டுக்கொண்டே லாட்ஜ் கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்து திறந்து மூடினான்.

“எனக்கு எதுக்கு மாமா சொல்றீங்க? எனக்குத் தெரியாததா? நாள் முழுக்க உங்க முதுகையே பாத்துக்கினு வந்தவன் நானு. ரெண்டு கையும் மேல போச்சு, பாத்தேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமேடா.”

“கண்ணு முழிச்சா அக்கா தலைமாட்டுல. ‘ஏண்டா கையை விட்டே’ன்னு அழுதுக்கினு கேக்குது. நீங்க கால்மாட்டுல நிக்கிறீங்க. யாரு இன்னா சொல்லி வச்சிருக்காங்கன்னு புரிஞ்சுபோச்சு. நான் இல்லைன்னு சொன்னா அக்கா அப்புறம் உங்களைக் கேக்கும். உங்க வீட்டுல மூணு பசங்க. ஜீப்பு போயிடும்.” தாழ்ப்பாளை மூடினான். “நீங்களே சொல்லுவீங்கன்னு நெனைச்சேன். ரெண்டு மூணு மாசம் நெனைச்சேன். அப்புறம் விட்டுட்டேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் கண்ணாயிரத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும். பஸ் வந்த நேரத்தைச் சொல்வது போலச் சொன்னான்.

“ஒண்ணு கேக்கட்டுமா மாமா? அன்னைக்கு இன்னா வேண்டிக்கினீங்க?”

கண்ணாயிரம் யோசித்துப் பார்த்தார். உனக்கு அந்த வண்டி நிலைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அப்படிச் சொன்னால் காசி நம்புவான். சந்தோஷப்படவும் செய்வான்.

“ஒண்ணும் வேண்டிக்கலைடா. கை தானா போச்சு.”

காசி தலையை ஆட்டினான். “அப்படித்தான் இருக்கும்.”

உள்ளே ஒரு கார் புறப்படுகிற சத்தம் கேட்டது. பெங்களூர்க்காரர்கள், சாமி பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். சந்து குறுகல், காரைப் பின்னாலேயே எடுத்து ரோட்டுக்குக் கொண்டுவரவேண்டும். காசி ரோட்டு நடுவில் போய் நின்று, முழுசாக நீளாத வலது கையை முடிந்தவரை நீட்டினான். உள்ளங்கை கீழே பார்த்தது. கார் மெதுவாயிற்று. ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. காசி முஷ்டியை மடக்கினான். கார் நின்றது.

கண்ணாயிரம் கேட்டோரம் நின்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுவண்டி கடந்துபோகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதுவரை காசி கையை இறக்கவில்லை.